கணக்கைக் காட்டு, பிறகு கால்வாயை வெட்டு!

   

மேட்டூர் நிரம்பி, முக்கொம்பில் தண்ணீரைக் கொள்ளிடத்தில் திருப்பி விடும் ஒவ்வொரு வருஷமும் ஒரே பேச்சுத்தான் காதில் விழுகிறது. "இத்தனை டி.எம்.சி. கடலில் வீணாகப் போச்சு! ஆறுகளை இணைச்சிருந்தா இப்படி ஆகுமா?" டீக்கடையில் இதே பேச்சு, மேடையில் இதே பேச்சு, தேர்தல் அறிக்கையிலும் இதே பேச்சு. வெள்ளம் வடிந்ததும் பேச்சும் வடிந்துவிடும். அடுத்த வறட்சியில் மறுபடியும் ஆரம்பிக்கும்.

ஆற்று நீரைப் பகிர்ந்துகொள்வதை நமது சங்கம் எதிர்க்கவில்லை. வெள்ளக் காலத்தில் நம் வாசலைத் தாண்டிப் போகிற தண்ணீரில் ஒரு பங்கு புதுக்கோட்டைக்கும் சிவகங்கைக்கும் இராமநாதபுரத்துக்கும் போகட்டும். அங்கே இருப்பவனும் நம்மைப் போல ஏர் பிடித்தவன்தான். ஆனால் எப்போது எடுப்பாய், எவ்வளவு எடுப்பாய், யாருக்குக் கொடுத்தது போக எடுப்பாய் என்ற கணக்கை எழுத்தில் காட்டாமல், "இணைப்பு, இணைப்பு" என்று மந்திரம் போட்டால் நம்பி ஏமாற நாம் தயாராக இல்லை. இந்தப் பிரசுரத்தின் நோக்கம் அந்தக் கணக்கைக் கேட்பதுதான்.

ஐம்பது வருஷப் பேச்சு

1972-இல் கே.எல்.ராவ் கங்கையையும் காவிரியையும் இணைக்கும் திட்டத்தைச் சொன்னார். 1977-இல் கேப்டன் தஸ்தூர் மாலைக் கால்வாய் என்று ஒன்றைச் சொன்னார். இதையெல்லாம் ஆராய 1982-இல் தேசிய நீர்வள மேம்பாட்டு முகமை அமைக்கப்பட்டது. 2002-இல் உச்ச நீதிமன்றம் நதிகளை இணைக்கச் சொன்னதும் வாஜ்பாய் அரசு சுரேஷ் பிரபு தலைமையில் ஒரு குழு போட்டது. 30 இணைப்புகள், 5 லட்சத்து 60 ஆயிரம் கோடி ரூபாய் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். 2017-இல் அய்யாக்கண்ணு தலைமையில் நம் மாவட்ட விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டை ஓட்டோடு உட்கார்ந்தபோதும் நதிநீர் இணைப்பு ஒரு கோரிக்கையாக இருந்தது. அந்த ஏக்கம் நியாயமானது. காய்ந்த வயலைப் பார்த்தவனுக்குத்தான் அது புரியும்.

முப்பது இணைப்பில் முதலாவதாகக் கையில் எடுத்தது வடக்கே கென் – பெட்வா. 2024 டிசம்பர் 25-இல் பிரதமர் கஜுராஹோவில் அடிக்கல் நாட்டினார். செலவு 44,605 கோடி ரூபாய். வறண்ட புந்தேல்கண்டுக்குத் தண்ணீர் கிடைக்கும் என்பது உண்மை. அதற்காகப் பன்னா புலிகள் காப்பகத்தின் காடு ஆயிரக்கணக்கான ஹெக்டேர் மூழ்கும், ஊர்கள் இடம் பெயரும் என்பதும் உண்மை. லாபத்தை மட்டும் பேசி நஷ்டத்தை மறைக்கிறவன் நல்ல வியாபாரிகூட இல்லை!

நம்ம பக்கத்துத் திட்டம்

நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது காவிரி – வைகை – குண்டாறு இணைப்பு. 2014-இல் திறக்கப்பட்ட மாயனூர் கதவணையில் கால்வாய் ஆரம்பிக்கிறது. மொத்த நீளம் 262 கிலோமீட்டர். முதல் கட்டம் தெற்கு வெள்ளாறு வரை 118 கிலோமீட்டர். அதில் கரூர் மாவட்டத்தில் 47, நம் திருச்சி மாவட்டத்தில் சுமார் 19, புதுக்கோட்டையில் 52 கிலோமீட்டர். இரண்டாம் கட்டம் வைகை வரை, மூன்றாம் கட்டம் குண்டாறு வரை. 2021 பிப்ரவரி 21-இல் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி விராலிமலைப் பக்கம் குன்னத்தூரில் அடிக்கல் நாட்டினார். மதிப்பீடு 14,400 கோடி ரூபாய். கால்வாயில் விநாடிக்கு 6,360 கன அடி ஓடும் என்கிறது திட்டம்.

இதனால் பலன் இல்லையா? இருக்கிறது. தென் மாவட்டங்களில் மழையை மட்டும் நம்பிக் கிடக்கிற கண்மாய்கள் நிறையும். கிணற்றில் ஊற்று ஏறும். ஆயிரம் அடிக்கு போர் போட்டுக் கடன்காரனானவன் மூச்சு விடுவான். ஆட்டுக்கும் மாட்டுக்கும் தண்ணி கிடைக்கும். வேற்று ஆற்றுத் தண்ணீர் ஒரு சீமையை வாழ வைக்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. மேற்கே ஓடிக் கடலில் விழுந்த பெரியாற்றை அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து 1895-இல் கிழக்கே வைகைக்குத் திருப்பினார் பென்னிகுயிக். தேனி, மதுரை, மேலூர்ப் பக்கம் இன்றைக்கும் அவர் படத்தை மாட்டிப் பொங்கல் வைக்கிறார்கள். நூறு வருஷம் தாண்டியும் அந்த அணையால் இரண்டு மாநிலத்துக்கும் வழக்கு தீரவில்லை என்பதையும் சேர்த்தே நினைத்துப் பார்க்க வேண்டும்.

வெள்ளத்தின் கணக்கு

நமக்கெல்லாம் தெரிந்த கணக்குத்தான். சுமார் 11,500 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. அப்படியானால் 6,360 கன அடிக் கால்வாய், கரை தளும்ப ஓடினாலும் ஒரு நாளைக்கு அரை டி.எம்.சி.க்குச் சற்று மேலே, 0.55 டி.எம்.சி.தான் எடுக்கும்.

2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து 2 லட்சம் கன அடி அளவுக்குத் தண்ணீர் வந்தது. ஒரு நாளைக்குப் பதினேழு டி.எம்.சி.! முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் 9 மதகுகள் ஆகஸ்ட் 22-ஆம் தேதி அடித்துக்கொண்டு போனது அந்த வெள்ளத்தில்தான். அன்றைக்கு இந்தக் கால்வாய் இருந்திருந்தால் எவ்வளவு எடுத்திருக்கும்? நூறு குடத்தில் மூன்று குடம். மீதி 97 குடம் கொள்ளிடத்தில்தான் போயிருக்கும். ஆகவே, "கால்வாய் வெட்டிவிட்டால் கடலுக்குச் சொட்டுத் தண்ணி போகாது" என்று யாராவது சொன்னால் அது கணக்குத் தெரியாத பேச்சு.

மூன்று குடமும் சும்மா இல்லை. இருபது நாள் வெள்ளம் நின்று ஓடினால் 11 டி.எம்.சி. கிடைக்கும். அது பெரிய விஷயம்தான். ஆனால் அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கக் கண்மாய் வேண்டும். தூர்ந்து, சீமைக்கருவேலம் மண்டி, வரத்து வாய்க்காலைப் பிளாட் போட்டு விற்றுவிட்ட கண்மாயில் எந்த ஊர்த் தண்ணீர் நிற்கும்? தமிழ்நாட்டில் சுமார் 39 ஆயிரம் ஏரி, கண்மாய் இருக்கிறது. 14,400 கோடியை அவைகளுக்குப் பங்கு போட்டால் ஏரி ஒன்றுக்கு 37 லட்சம் ரூபாய் வரும். கால்வாயைக் கைவிடு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கால்வாய்க்குக் கோடிகளையும் கண்மாய்க்குக் கைவிரிப்பையும் கொடுத்தால், பாத்திரம் வாங்காமல் பால் வாங்கிய கதைதான்.

வெள்ளம் இல்லாத வருஷம்?

2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் மேட்டூர் ஜூன் 12-இல் திறக்கப்படவில்லை. 2016-இல் சம்பா கருகியது. 2023-இல் குறுவை கருகியது, அக்டோபரிலேயே அணையை மூடினார்கள். அந்த வருஷங்களில் உபரி எங்கே இருந்தது?

நடுவர் மன்றம் 2007-இல் காவிரியின் மொத்த நீரை 740 டி.எம்.சி. என்று கணக்கிட்டுப் பங்கு பிரித்தது. 2018 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் நமக்குப் பிலிகுண்டுலுவில் வர வேண்டிய நீரை 192-லிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. அதுவும் மாதாமாதம் கெஞ்சி வாங்க வேண்டியிருக்கிறது. நமக்கே பற்றாத வருஷத்தில் மாயனூர் ஷட்டர் சாவி யார் கையில் இருக்கும்? "கால்வாய் வெட்டியாச்சு, சும்மா கிடக்கலாமா, குடிதண்ணிக்குக் கொஞ்சம் விடு" என்று ஒரு அமைச்சர் போன் போட்டால் தடுக்கப் போவது யார்? எழுதி வைத்த விதி ஒன்றுதான் தடுக்கும். அந்த விதியைத்தான் நாம் கேட்கிறோம்.

இது வீண் பயம் இல்லை. மேட்டூர் உபரி நீரைச் சேலம் மாவட்டத்தின் 100 ஏரிகளுக்குக் கொண்டுபோகும் 565 கோடித் திட்டத்தை டெல்டா விவசாயிகள் ஏன் எதிர்த்தார்கள்? சேலத்துக்காரன் மேல் கோபமா? இல்லை. அணை நிரம்பி வழிந்த பிறகு வெளியேறும் நீரை எடுக்காமல், நீர்த்தேக்கத்துக்கு உள்ளேயே மோட்டார் வைத்து இறைக்கிறார்கள் என்பதுதான் எதிர்ப்பு. "உபரி" என்ற ஒரு வார்த்தைக்கு எல்லை போடாவிட்டால் அது ரப்பர் மாதிரி நீளும்.

கடலுக்குப் போவது வீணா?

இது நம் ஆட்களே யோசிக்க வேண்டிய விஷயம். 740 டி.எம்.சி. பங்கில் நடுவர் மன்றமே 10 டி.எம்.சி. சுற்றுச்சூழலுக்கு என்றும், 4 டி.எம்.சி. தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவது என்றும் ஒதுக்கியது. ஆற்றுக்கும் கடலுக்கும் பங்கு உண்டு என்று தீர்ப்பே சொல்கிறது.

ஆற்று நீர் போய்த் தள்ளாவிட்டால் கடல் நீர் உள்ளே வரும். கொள்ளிடம் முகத்துவாரத்தில் இது கண்கூடு. சீர்காழி, காட்டுமன்னார்கோயில் பக்கத்து விவசாயியைக் கேட்டுப் பாருங்கள், நிலத்தடி நீர் உப்பாகி நிலம் உவராகிற கதையைச் சொல்லுவார். உப்பைத் தடுக்கத்தான் கொள்ளிடத்தில் ஆதனூர் – குமாரமங்கலம் கதவணையைக் கோடிக்கணக்கில் கட்டினார்கள். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு நன்னீரும் உப்பு நீரும் கலந்த இடத்தில்தான் தழைக்கும். ஆறு கொண்டுபோகும் வண்டல் இல்லாவிட்டால் கடற்கரை அரிக்கும், மீன் குஞ்சு பொரிக்கும் இடம் கெடும். கரையோர மீனவனும் ஆற்றுக்குப் பங்காளிதான்.

ஆற்றைக் கடலுக்கே விடாமல் உறிஞ்சினால் என்ன ஆகும் என்பதை உலகம் ஒரு முறை பார்த்துவிட்டது. சோவியத் நாட்டில் 1960-களில் பருத்திச் சாகுபடிக்காக அமு தர்யா, சிர் தர்யா என்ற இரண்டு ஆறுகளைக் கால்வாய்களில் திருப்பினார்கள். பருத்தி விளைந்தது. ஆனால் அந்த ஆறுகள் போய்ச் சேர்ந்த ஆரல் கடல், உலகிலேயே நாலாவது பெரிய ஏரியாக இருந்தது, பெரும்பகுதி வற்றி உப்புப் பாலைவனமானது. மீன்பிடிப் படகுகள் மணலில் நின்றன. உப்புப் புழுதி கிளம்பிப் பருத்தி வயலையே கெடுத்தது. லாபம் பார்த்தவன் தலையிலேயே நஷ்டம் வந்து விடிந்தது.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மேகதாதுவில் 67 டி.எம்.சி. அணை கட்டக் கர்நாடகம் சொல்லும் காரணம் என்ன? "தமிழ்நாடு தண்ணீரைக் கடலில் வீணாக விடுகிறது, அதை நாங்கள் தேக்கினால் என்ன?" என்பதுதான். குண்டாறு இணைப்பை எதிர்த்தும் 2021-இல் கர்நாடகம் உச்ச நீதிமன்றம் போனது. உபரியில் எங்களுக்கும் பங்கு என்பது அவர்கள் வாதம். நாமே மேடை போட்டு "வீணாப் போகுது, வீணாப் போகுது" என்று கத்தினால், மேகதாதுவுக்கு நாமே சாட்சிக் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகும். இனி நம் வாயில் "வீண்" என்ற வார்த்தை வரக்கூடாது. "வெள்ளத்தில் பங்கு" என்று சொல்லுவோம்.

கோரையாற்றை மறக்காதே

கரூரிலிருந்து விராலிமலைக்கு வெட்டுகிற கால்வாய், தெற்கும் மேற்குமாக இருந்து நம் பக்கம் இறங்குகிற காட்டாறுகளையும் ஓடைகளையும் குறுக்கே வெட்டித்தான் போக வேண்டும். கோரையாறும் அரியாறும் அந்த ஓடைகளால்தான் பிழைக்கின்றன. மணிகண்டம், இனாம்குளத்தூர்ப் பக்கத்து ஏரி குளங்களுக்கு வரத்தும் இந்த மழைநீர்தான்.

கால்வாய்க் கரை உயரமாக எழும்பினால் மேல் பக்கம் தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகும். கீழ்ப் பக்கம் வரத்து நின்று குளம் காயும். இரண்டும் நடக்கக் கூடாது என்றால் ஒவ்வொரு ஓடைக்கும் கால்வாயின் அடியிலோ மேலேயோ சரியான அளவில் வழி விட வேண்டும். காண்ட்ராக்ட்காரர் செலவைக் குறைக்க இரண்டு ஓடையை ஒன்றாக்கி ஒரே குழாயில் விட்டால், அது வெள்ளக் காலத்தில் பாய்வது நம் வயலில்தான். எடமலைப்பட்டி புதூர், கருமண்டபம் பக்கம் கோரையாறு பெருக்கெடுத்தால் என்ன ஆகும் என்று யாரும் நமக்குப் பாடம் எடுக்க வேண்டாம். 2005 நவம்பரில் திருச்சியின் பல பகுதிகள் மூழ்கியதை மறக்கவில்லை. ஊர் வளர்ந்து நீர்வழி சுருங்கிவிட்ட இந்தக் காலத்தில் ஓடைக் கணக்குத் தப்பினால் விவசாயியும் டவுன்காரனும் சேர்ந்தே தவிக்க வேண்டியதுதான்.

முதலில் இருக்கிற வாய்க்கால்!

மாயனூரிலிருந்து ஏற்கனவே நமக்குக் கட்டளை மேட்டு வாய்க்கால் இருக்கிறது. பேட்டைவாய்த்தலையிலிருந்து உய்யக்கொண்டான் இருக்கிறது. சோழர் காலத்து வாய்க்கால் இன்றைக்கும் ஓடுகிறது, டவுன் சாக்கடையைச் சுமந்துகொண்டு! 2018-இல் கொள்ளிடத்தில் வெள்ளம் கரை புரண்டபோதே டெல்டாவின் கடைமடையில் தண்ணீர் வரவில்லை என்று விவசாயிகள் மறியல் செய்தார்கள். ஆற்றில் வெள்ளம், வாய்க்காலில் வறட்சி! இது எப்படி? மணலை அள்ளி அள்ளி ஆறு பள்ளமாகிவிட்டது, வாய்க்கால் தலைப்பு மேடாக நிற்கிறது. தண்ணீர் ஏறவில்லை. தூர் வாருவது மேட்டூர் திறக்கும் நேரத்தில் அவசரத்துக்குச் சுரண்டுவதாகப் போய்விட்டது. இருக்கிற வாய்க்காலையே ஓட வைக்க முடியாதவர்கள் 262 கிலோமீட்டர் புது வாய்க்காலை எப்படிப் பராமரிப்பார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

சரியாகச் செய்ய முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 17-இல் திறக்கப்பட்ட அத்திக்கடவு – அவிநாசித் திட்டம். பவானியில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே, பழைய ஆயக்கட்டுக்குப் போக மிச்சம் வரும் வெள்ள நீரில் ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி. மட்டும், விநாடிக்கு 250 கன அடி வீதம் 70 நாள் எடுத்து, குழாய் வழியாக 1,045 குளம் குட்டைகளுக்கு விடுவது திட்டம். எங்கே எடுப்பது, எவ்வளவு, எத்தனை நாள், எந்தெந்தக் குளம், எல்லாம் எழுத்தில் இருக்கிறது. குழாய் என்பதால் நிலம் பறிபோவதும் குறைவு. மோட்டார் ஓட்டும் மின்சாரச் செலவு உண்டுதான். ஆனாலும் பழைய பாசனக்காரனின் உரிமையைத் தொடாமல் புதியவனுக்குக் கொடுக்கும் முறை அது. அந்த ஒழுங்கு ஏன் காவிரிக்கு வேண்டாம்?

கோதாவரி நீர் கல்லணைக்கு வரும் என்று ரொம்ப நாளாகச் சொல்கிறார்கள். வந்தால் வரவேற்போம். ஆனால் மேலே இருக்கிற மாநிலங்கள் தங்கள் பங்கைத் தாங்களே பயன்படுத்துவோம் என்கின்றன. வராத கோதாவரியை நம்பி இருக்கிற காவிரியைப் பங்கு போட்டுவிடக் கூடாது.

நமது கோரிக்கைகள்

1. காவிரி – வைகை – குண்டாறு கால்வாயின் இயக்க விதியை அரசாணையாக வெளியிடு! மேட்டூரில் எத்தனை அடி இருந்தால், மாயனூரில் எத்தனை கன அடி வந்தால் கால்வாய் திறக்கும் என்பது தமிழில், விவசாயிக்குப் புரியும்படி இருக்க வேண்டும்.

2. திருச்சி, கரூர் மாவட்டப் பாசன வாய்க்கால்களுக்கும் டெல்டா கடைமடைக்கும் கொடுத்தது போகத்தான் உபரி என்று எல்லை போடு!

3. கொள்ளிடம் முகத்துவாரம் வரை ஆறு உயிரோடு இருக்கத் தேவையான நீரைப் பங்கில் சேர்!

4. கால்வாய் குறுக்கிடும் ஒவ்வொரு ஓடைக்கும் தனித்தனி வழி விடு! அதன் வரைபடத்தைக் கிராம சபையில் வை!

5. நிலம் கொடுக்கும் சிறு, குறு விவசாயிக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி இழப்பீடும் மறுவாழ்வும் கொடு! துண்டாகிப் போகும் நிலத்துக்குப் போய்வரப் பாலம் கட்டிக் கொடு!

6. கால்வாய் வேலையோடு சேர்த்தே, தண்ணீர் போய்ச் சேரும் கண்மாய்களையும் வரத்து வாய்க்கால்களையும் தூர் வாரு! ஆக்கிரமிப்பை அகற்று!

7. காவிரி, கொள்ளிடத்தில் மணல் கொள்ளையை நிறுத்து! மேடாகிப் போன வாய்க்கால் தலைப்புகளைச் சீரமை!

8. ஷட்டர் திறப்பு, மூடலைக் கண்காணிக்கும் குழுவில் காவிரிப் பக்கத்து விவசாயியும் குண்டாற்றுப் பக்கத்து விவசாயியும் சமமாக உட்கார வேண்டும்!

என்ன செய்யப் போகிறோம்?

இந்தப் பிரசுரத்தைப் படித்துவிட்டு மடித்து எரவாணத்தில் செருகிவிடாதீர்கள். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டுங்கள். உங்கள் ஊர் ஏரிக்கு எந்த ஓடையிலிருந்து வரத்து வருகிறது, எங்கே அடைபட்டிருக்கிறது, எத்தனை ஏக்கர் ஆயக்கட்டு என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் இல்லாத கணக்கும் கிடைக்கும். அடுத்த கிராம சபையில் மேலே உள்ள கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதியாச்சா என்று பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு ஊருக்கு இரண்டு பேராவது அந்தத் தாளோடு வாருங்கள். ஒருத்தர் கேட்டால் மனு. நூறு ஊர் சேர்ந்து கேட்டால் அது போராட்டம்.

புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம் விவசாயச் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. நாங்கள் கேட்கும் கணக்கு உங்களுக்கு எதிரானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விதி இல்லாத கால்வாயில் வெள்ள வருஷத்தில்கூட உங்களுக்குத் தண்ணீர் வரும் என்று உறுதி கிடையாது. கால்வாயின் தலையில் இருப்பவன் திறந்தால்தான் உங்களுக்கு. எழுதி வைத்த விதி இருந்தால், எங்களுக்குக் கிடைக்கும் அதே உரிமை உங்களுக்கும் கிடைக்கும். கடைமடைக்காரன் கஷ்டம் கடைமடைக்காரனுக்குத்தான் தெரியும். காவிரியின் கடைமடையும் குண்டாற்றின் கடைமடையும் ஒரே பக்கம் நிற்க வேண்டியவர்கள்.

வெள்ளத்தைப் பங்கு போடுவோம்! ஆற்றைக் காப்பாற்றுவோம்!

கணக்கைக் காட்டு! பிறகு கால்வாயை வெட்டு!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!